கருகிய ஓரம்

லாண்டரித் தொழிலில் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. கறை எப்படி வந்தது என்று வாடிக்கையாளரைக் கேட்கக் கூடாது. காலரில் உதட்டுச்சாயம் இருந்தாலும் சரி, தலையணை உறையில் ரத்தம் இருந்தாலும் சரி, வாயைப் பொத்திக்கொண்டு எடுத்துவிட வேண்டும். எடுத்துக் கொடுத்தால் கெட்டிக்காரி என்பார்கள். கேள்வி கேட்டால் மறுவாரம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்த விதியைக் கல்யாணமான நாளிலிருந்து கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவள், புருஷனோடு லாண்டரி நடத்தும் இவள். அதைக் காப்பாற்றியதால்தான் இன்றைக்கு இவள் புருஷன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சொல்லும்போதே வயிறு எரிகிறது, ஆனால் சொல்லித்தானே ஆகவேண்டும்.

புருஷனைத் தெருவில் எல்லோரும் கஞ்சிக்காரர் என்பார்கள். சட்டைக்கு அவர் கஞ்சி போட்டால் அது தானாகவே எழுந்து நிற்கும். பேச்சும் அப்படித்தான், மொடமொடவென்று விறைப்பாக இருக்கும். உள்ளே ஆள் பஞ்சு. கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவார்.

கடையின் பின்பக்கம் பாய்லர் இருந்தது. அதிலிருந்து செம்புக் குழாய்கள் சுவரோடு ஓடின. செம்புக்குத் திருடர்களிடம் எப்போதும் மவுசு. இரண்டு தடவை வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவது தடவை தடுக்கப் போன கஞ்சிக்காரரைக் கீழே தள்ளி மிதித்துவிட்டுப் போனார்கள். அவருடைய இடது தோள் அதன்பிறகு சரியாகவே தூக்க வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் துப்பாக்கி லைசென்ஸுக்கு அலைந்தார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, செருப்பு தேய்ந்து, ஒருவழியாகக் கையில் வாங்கினார். வாங்கிய அன்றைக்கு நேராகப் பக்கத்து டயர்கடைக்குப் போனார்.

"இனிமே எவனாவது உள்ள வரட்டும். வர்றவன் நடந்து போகமாட்டான், தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார்.

டயர்கடைக்காரர் சிரித்தார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கஞ்சிக்காரரும் சிரித்தார். துப்பாக்கி பீரோவில் மடித்த துணிகளுக்கு அடியில் போனது. எண்ணெய் போடுவதற்குத் தவிர அவர் அதை வெளியே எடுத்ததில்லை. அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பார், இவள் பார்த்துக் கிண்டல் செய்வாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் மாடிக்கு ஏறிவிடுவது வழக்கம். மாடியில் வீடு. பாய்லரை மட்டும் முழுக்க அணைப்பதில்லை, தணித்து வைப்பார்கள். அணைத்தால் மறுபடி சூடேற நேரம் பிடிக்கும். அன்றைக்குத் தட்டில் கை வைத்திருக்கும்போதே கீழேயிருந்து இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் கேட்டது. அவள் தட்டை ஒதுக்கினாள். போலீசுக்குப் போன் போடலாம் என்றாள்.

"போடு. ஆனா பாய்லர் எரிஞ்சிட்டிருக்கு. அந்தக் குழாயக் கழட்டிட்டான்னா ஆவி பீறிடும். அவனும் வெந்துருவான், கடையும் போயிரும். நான் போய் வால்வ மூடிடறேன்" என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்தார். பீரோவைத் திறந்தார். அவள் போனை எடுத்து எண்களை அழுத்திக்கொண்டிருக்கும்போது அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

கீழே நடந்தது எதையும் அவள் கண்ணால் பார்க்கவில்லை. "யார்றா அங்க" என்று அவருடைய குரல் கேட்டது, ஏதோ உருண்டது, பிறகு துப்பாக்கி வெடித்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மீதியெல்லாம் அவர் சொன்னது. உலர்த்தும் அறையில் ஹோட்டல் விரிப்புகள் வரிசை வரிசையாகக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஈரம். ஒரு வரிசைக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றாலும் தெரியாது. அவர் வால்வை நோக்கி நடுவில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே ஒரு விரிப்பு உப்பிக்கொண்டு மேலே வந்ததாம். கொடிக்கு மேலே ஸ்பேனர் பிடித்த கை ஒன்று உயர்ந்ததாம். துணிக்கு அந்தப்பக்கம் அவன் மூச்சு விடுவது காதில் விழுந்ததாம். துப்பாக்கி முனை ஈரத்துணியில் இடித்தபோது சுட்டுவிட்டார்.

அவள் இறங்கி வந்தபோது அந்த ஆள் விரிப்போடு சேர்த்துக் கீழே கிடந்தான். கஞ்சிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தத் துணிய எடு, அவனுக்கு மூச்சு முட்டும்" என்றார். சுட்ட பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதைக் கோர்ட்டில் ஒருத்தர்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் விரிப்பை உருவினாள். அடியில் அவள் தம்பி வயதில் ஒருத்தன் இருந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கஞ்சிக்காரர் தட்டுத்தடுமாறிப் போய் பாய்லர் வால்வை மூடினார், கழற்றின குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியதால் கீழ்த்தளத்துத் தண்ணீரையும் மூடினார். டயர்கடைக்காரர் ஓடிவந்து ஆம்புலன்சுக்குச் சொன்னார். அவர்கள் வந்து குனிந்து வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கையில் அந்த வெள்ளை விரிப்பு மட்டும் இருந்தது. அதில் ரத்தம் இருந்தது.

ரத்தம் காய்ந்துவிட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, உடனே. இதை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கீழே குழாயில் தண்ணீர் இல்லை. கால்கள் தானாகப் படியேறின. மாடிக் குளியலறை வாளியில் உப்பைப் போட்டு விரிப்பை அமுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அதற்குள் போலீஸ் வந்திருந்தது.

எதையாவது தொட்டீங்களா அம்மா என்று அதிகாரி கேட்டார். இல்லைங்க சார், எதையும் தொடலை என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அவள் பொய் சொல்லவில்லை. கறைபட்ட துணியை ஊறவைப்பது அவளுக்கு ஒரு பொருளைத் தொடுவதாகவே தோன்றவில்லை. மூச்சு விட்டீங்களா என்று கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், அந்த நிலையில்.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அந்த ஆள் இறந்துவிட்டான். கஞ்சிக்காரரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உலர்த்தும் அறைக்குச் சீல் வைத்தார்கள். சில நாளில் வந்துவிடுவார், வீட்டுக்குள் வந்தவனைத்தானே சுட்டார் என்று டயர்கடைக்காரர் தேற்றினார். அவளும் அப்படித்தான் நம்பினாள். அப்போது எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

அடுத்த நாள் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. முன்கட்டில் தயாராக இருக்கும் துணியையாவது கொடுத்தனுப்புங்கள், அறைகளுக்கு விரிக்க இல்லை என்றார்கள். அவள் வாளியிலிருந்த விரிப்பையும் அலசி, பிளீச்சிங் போட்டுத் துவைத்துக் காயவைத்தாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கை வேலை செய்துகொண்டிருந்தால் மனசு கொஞ்சம் அடங்கிக் கிடந்தது.

காய்ந்த விரிப்பில் ஓட்டை இருந்தது. சுற்றிலும் கருகி, துவைத்த பிறகும் கறுப்பு வளையம் விடாமல் இருந்தது. அந்த ஹோட்டல் விரிப்புகளில் கருகிய ஓட்டை ஒன்றும் புதிது இல்லை. படுத்துக்கொண்டே சிகரெட் பிடிப்பவர்கள் மாதாமாதம் நாலைந்தைச் சுட்டு வைப்பார்கள். அதற்கு அவள் டார்னிங் போடுவாள். நூலைக் கோத்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, துணியின் நெசவையே மறுபடி நெய்துவிடுவாள். முதல் வேலை, கருகிய ஓரத்தைச் சின்னக் கத்தரியால் சுத்தமாக வெட்டி எடுப்பது. கருகல் இருந்தால் இழை பிடிக்காது.

இது குண்டு போன ஓட்டை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்தது தலைக்கு, வேலை செய்தது கை. மனசில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த விரிப்பில் நாளைக்கு யாரோ குழந்தையோடு வந்து படுப்பார்கள், இதில் ஒருத்தன் செத்தான் என்று அவர்களுக்குத் தெரியவே கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓரத்தை வெட்டினாள், இழை போட்டாள், இஸ்திரி போட்டாள், மற்றதோடு சேர்த்து மடித்து வைத்தாள். கறுப்பு வளையம் ஜன்னலுக்கு வெளியே காற்றோடு போனது. சாயங்காலம் ஹோட்டல் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

வழக்கை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா அவளைவிடச் சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மேசையில் குவிந்த காகிதக்கட்டுகளை ஒதுக்கிவிட்டு, எதிரே உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள்.

"அக்கா, திருடன்ங்கிறதுக்காக ஒருத்தனச் சுட முடியாது. குழாயக் காப்பாத்தவும் சுட முடியாது. என் உயிருக்கு இப்ப, இந்த நிமிஷம் ஆபத்து, வேற வழியே இல்லைன்னா மட்டும்தான் சட்டம் விடும். அவன் ஓடறதுக்குத் திரும்பிட்டான்னா அதோட அந்த உரிமை முடிஞ்சுபோச்சு. சுட்டது நான்தான்னு உங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. அதனால ஏன் சுட்டேன்னு காட்ட வேண்டியது இப்ப நம்ம தலையில."

அவர் ஏன் கீழே போனார் என்பது பெரிய கேள்வி. கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டு போலீசுக்குக் காத்திருக்கலாமே என்பார்கள். அதற்குப் பாய்லர் பதில் சொல்லும் என்றாள் வக்கீலம்மா. டயர்கடையில் விட்ட வாய்ச்சவடால் வேறு இருக்கிறது. அதையும் சமாளிக்கலாம் என்றாள். மலைபோல நின்றது வேறொன்று. குண்டு அந்த ஆளின் விலாவில், கொஞ்சம் முதுகுப் பக்கமாக நுழைந்திருந்தது. போதாக்குறைக்கு அவன் சட்டையில் புகைக்கரி துளிகூட இல்லை. கை எட்டும் தூரத்தில் சுட்டிருந்தால் சட்டையில் கறுப்பு படிந்திருக்க வேண்டும், படியவில்லை, ஆகவே தூரத்திலிருந்து ஓடுகிறவனைச் சுட்டிருக்கிறார் என்று அரசுத் தரப்பு அடித்துச் சொன்னது.

"ஆனா நடுவுல பெட்ஷீட் இருந்துச்சு" என்று வக்கீலம்மா பேனாவால் மேசையைத் தட்டினாள். அவள் முகத்தில் முதல்தடவையாக ஒரு தெளிவு தெரிந்தது. "கரியெல்லாம் அதுலதான் படிஞ்சிருக்கும். பெட்ஷீட்டோட வந்து முட்டினான்னா அவன் உடம்பு கோணிக்கிட்டு இருந்ததுக்கும் அதுவே பதில். அந்த ஒரு துணி போதும்க்கா, அவர வெளிய கொண்டாந்துடலாம். போலீஸ் பட்டியல்ல அது இல்ல. எங்க இருக்கு?"

அவள் பேந்தப் பேந்த விழித்தாள்.  ஊறவைத்ததைச் சொன்னாள். துவைத்ததைச் சொன்னாள். ஓரத்தை வெட்டியதைச் சொல்லும்போது வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 

திட்டவும் இல்லாமல் தேற்றவும் இல்லாமல், அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வக்கீலம்மா கேட்டாள். முடியும் என்றாள் அவள். என் கை போட்ட இழை எனக்குத் தெரியாதா என்றாள். அந்த நேரத்தில் அவள் மனசார நம்பித்தான் அதைச் சொன்னாள்.

ஹோட்டல்காரர்கள் துணிக்கிடங்கைத் திறந்துவிட்டார்கள். வக்கீலம்மாவும் ஒரு போலீஸ்காரரும் கூட வந்தார்கள். அலமாரி அலமாரியாக விரிப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடியில் விரித்து விரலால் தடவிப் பார்த்தாள். முதல் டார்னிங் கிடைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதுதான் என்று எடுத்து வைத்தாள். அதற்கு அடுத்த விரிப்பிலும் ஒன்று இருந்தது. அதற்கப்புறமும் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய குவியல் சேர்ந்துவிட்டது. எல்லாம் அவள் கைதான். எல்லாவற்றிலும் கருகலைச் சுத்தமாக வெட்டியிருந்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை ஏறக்குறைய ஒரே அளவு. சிகரெட் எது, துப்பாக்கி எது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒன்றையாவது அரைகுறையாகப் போட்டிருக்கக் கூடாதா. நூல் தீர்ந்தது என்று வேறு நிறத்தில் ஒரு இழையாவது ஓட்டியிருக்கக் கூடாதா. குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் பரிதாபப்பட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குவியலில் ஒரே ஒரு விரிப்பில், டார்னிங்குக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு மங்கல் கறை தெரிந்தது. ரத்தமாக இருக்கலாம் என்று வக்கீலம்மா அதைத் தனியாக எடுத்துவைத்தாள். பார்த்த மாத்திரத்தில் துவைத்துப் பழகிய இவளுக்குத் தெரிந்துவிட்டது, அது தேநீர். பால் கலந்த தேநீர் ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்து காயும். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் தள்ளி நின்றே சொல்லியிருப்பாள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ரத்தமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வாழ்நாள் பூராவும் ரத்தத்தைப் போக்கியவள், ஒரு சொட்டாவது மிஞ்சியிருக்கட்டும் என்று சோதனைச்சாலை முடிவு வரும்வரை சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

தேநீர் என்றுதான் முடிவு வந்தது. மற்றவை சலவையில் முழுவதும் சுத்தமாகியிருப்பதால் எதுவும் சொல்வதற்கில்லை என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்.

அரசுத் தரப்பிலிருந்து ஒரு பேச்சு வந்தது. ஆத்திரத்தில் சுட்டேன் என்று ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்றார்கள். கஞ்சிக்காரர் ஏற்கவில்லை. பயந்து சுட்டேன், ஆத்திரத்தில் சுடவில்லை, நடக்காததை எப்படிச் சொல்வது என்றார். விறைப்பாகப் பேசிப் பழகியவர் கடைசியாக விறைப்பாக நின்றது அந்த ஒரு இடத்தில்தான். அவள் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

விசாரணையில் டயர்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் வாங்கிய அன்று அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். டயர்கடைக்காரர் மென்று விழுங்கினார். சத்தியம் செய்துவிட்டதால் மறைக்க முடியவில்லை, சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாருங்க, நாங்களும் சிரிச்சோமுங்க என்று கெஞ்சினார். சொன்ன வார்த்தைகள் வரிக்கு வரி பதிவாயின, சிரித்தது மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. வெளியே வந்து அந்த மனிதர் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

அப்புறம் அவள் முறை. அரசு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். எதையும் தொடவில்லை என்று முதல் நாள் சொன்னது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றாள். இப்போது தொட்டேன் என்கிறீர்களே என்றார். ஆமாம் என்றாள். பிறகு உலர்த்தும் அறையின் புகைப்படம் ஒன்றை அவளிடம் நீட்டினார். கொடியில் விரிப்புகள் தொங்கின. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு கிளிப் மட்டும் வெறும் கயிற்றில் நின்றன. இங்கேதான் அந்த விரிப்பு இருந்ததா, அல்லது முதலிலிருந்தே காலியா என்று கேட்டார். இருந்தது என்று அவள் சொன்னதற்கு, புருஷன் மனைவி வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை; ஓடிவந்தவர்கள் கீழே கிடந்தவனைத்தான் பார்த்தார்கள், அவள் கையில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"ஓரத்த எதுக்கு வெட்டினீங்க?"

"கருகின ஓரம் இருந்தா இழை பிடிக்காதுங்க."

"அது குண்டு பட்ட கருகல்னு தெரிஞ்சுதான் வெட்டினீங்களா, தெரியாம வெட்டினீங்களா?"

வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்தாள். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். தெரிந்து வெட்டினேன் என்றால் தடயத்தை அழித்தவள். தெரியாது என்றால் அது குண்டு ஓட்டையே இல்லை. இரண்டு பக்கமும் பள்ளம் என்பது அந்தக் கூண்டில் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. எதிரே கஞ்சிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்ப ஒண்ணும் தோணலைங்க. கை வெட்டிடுச்சு" என்றாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசு வக்கீல் சிரிக்கவில்லை. நன்றி அம்மா, நீங்கள் போகலாம் என்றார்.

இடைவேளையில் தாழ்வாரத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள். செத்தவனின் மனைவி. தினமும் எதிர்ப்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள். ரவிக்கைத் தோளில் கிழிசலை ஏனோதானோ என்று தைத்திருந்தாள், நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் முன்பு குழாய் வேலை பார்த்தவனாம், வேலை போய் ரொம்ப நாளாகிவிட்டதாம், அதெல்லாம் கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். வந்தவள் குழாயைத் திறக்காமலே நின்றாள்.

"அக்கா, நெசமாவே எங்க வீட்டுக்காரரு கைய ஓங்கினாரா?"

"நான் பாக்கலம்மா. ஆனா அந்தத் துணில கருகல் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ரொம்பக் கிட்ட வந்துட்டாரு."

"நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னாள். தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

இவள் ஈர முகத்தைத் துடைக்காமலே நின்றாள். இந்த உலகத்தில் அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்தது இரண்டே கண்கள், அவை இவளுடையவை. அதை வெட்டியதும் இவள் கைதான். அந்தப் பெண்ணுக்கும் அது ஒரு பதிலாக இருந்திருக்கும். கசப்பான பதில்தான், ஆனாலும் இரவில் கண்ணை மூடப் போதுமான பதில். அவளுக்கும் இல்லாமல் செய்துவிட்டோமே என்று இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தீர்ப்பில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஆயுதத்தோடு இறங்கிப் போனது வந்தது. முன்பே சொன்ன வார்த்தை வந்தது. இறந்தவன் சட்டையில் கரி இல்லாதது வந்தது. மனைவியின் வாக்குமூலம் முன்னுக்குப் பின் முரணாக இருப்பது வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது என்பதை குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு நிறுவவில்லை என்று நீதிபதி படித்தார். பன்னிரண்டு வருஷம். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புதிதாகக் காட்ட ஏதாவது வேண்டும் என்று வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். புதிதாகக் காட்ட எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பார்க்கப் போன முதல் நாள் கஞ்சிக்காரர் ஆளே பாதியாகியிருந்தார். சிறைச்சட்டை கசங்கித் தொங்கியது. நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் இருந்துகொண்டே அவள் கை அதை நீவிவிடத் துடித்தது. தோள்வலி எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். கடையைப் பற்றிக் கேட்டார். பாய்லர் குழாயை மாற்றியாகிவிட்டது, ஒற்றை ஆளாக முடிந்தவரை ஓட்டுகிறேன் என்றாள். 

"ஹோட்டல் துணி இன்னும் வருதா?"

"வருது."

"அதுல எதுனா..."

"வர்ற ஒவ்வொண்ணையும் தடவித்தான் பாக்கறேன்."

"உனக்கே தெரியலையா எதுன்னு?"

"தெரியலைங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தாள். பாவி, உன் கையாலேயே என்னைப் புதைத்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவளுக்கு மூச்சு வந்துவிடும். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபமே இல்லை.

"அவ்வளவு நல்லாவா போட்ட" என்றார்.

அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காவலாளி நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் கண்ணாடியில் விரலால் லேசாகத் தட்டி, பத்திரமாகப் போ என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஹோட்டல் மூட்டை வாசலில் கிடந்தது. அவிழ்த்துப் பிரித்தாள். மேலிருந்து மூன்றாவது விரிப்பில் சிகரெட் சுட்ட ஓட்டை இருந்தது, சுற்றிலும் கறுப்பாக. அவள் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். கத்தரியைக் கையில் எடுத்து அப்படியே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு கருகிய ஓரத்தைச் சுற்றிச் சுத்தமாக வெட்டினாள். நாளைக் காலை வண்டி வரும், துணியை முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.